மெஷினோடு வந்த முழங்கால்

ஊழியர்களின் மருத்துவச் செலவுகளைக் கவனிக்கும் பெனிஃபிட்ஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். வேலையில் இருந்தபோது சொல்ல முடியாததையெல்லாம் இப்போது சொல்லிவிடுவேன். விசாவும் முடிந்தது, வாய்க்கு இருந்த பூட்டும் கழன்றது. ஆகவே தம்பி தங்கைகளே, கையேட்டில் இருக்கிற எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. க்ளெய்ம் எப்படிப் பதிவது, எந்தப் பொத்தானை எங்கே அமுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிலிப்பினோப் பெண்ணைக் கேளுங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், சம்பளம் மட்டும் உங்களைவிடக் குறைவு.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. துபாயில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை செய்தேன். குவாரிகளுக்கு வேண்டிய பெரிய வண்டிகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது கம்பெனியின் தொழில். வண்டி ஓட்டுபவர்களும் மெக்கானிக்குகளும் ராஸ் அல் கைமாவில் கல் மலைகளுக்குப் பக்கத்து கேம்பில் இருந்தார்கள். நாங்கள் ஏசியில் உட்கார்ந்துகொண்டு அவர்களுடைய முதுகுவலிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு வருடம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. அமெரிக்காவில் சம்பளத்தில் ஒரு பகுதியை வருமான வரி பிடிக்கும் முன்பே தனியாக எடுத்து ஒரு மருத்துவக் கணக்கில் போடுவார்களாம். அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. மருந்துக்கும் சிகிச்சைக்கும், வீட்டில் வைத்து உடம்பைத் தேற்றிக்கொள்ள உதவும் கருவிகளுக்கும் அதிலிருந்து செலவழிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். அதை உலகம் முழுக்க எல்லாக் கிளைகளிலும் நடத்த வேண்டும் என்று உத்தரவு. உலகத்தில் வருமான வரியே இல்லாத நாடும் உண்டு என்பதை உத்தரவு போட்டவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அதை கேம்புக்குப் போய் விளக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, திரையில் படம் போட்டு, வரிக்கு முன் பிடித்தம் என்றால் என்னவென்று பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும் முழங்கினேன். பின் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். தொண்டிப் பக்கத்துப் பையன், கல் அள்ளும் லோடர் வண்டி ஓட்டுபவன், பெயர் ஹாஜா மைதீன்.

"அக்கா, என்ன வரிக்கு முன்னாடி?"

"இஞ்சை வரி இல்லைத் தம்பி."

"அப்ப எதுக்கு முன்னாடி பிடிக்கிறீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குமேல் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. நம் பங்கோடு கம்பெனியும் அதே அளவு போடும், வருடக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும் என்று நேரடியாகச் சொன்னேன். அது எல்லோருக்கும் உடனே விளங்கியது. போய்விடும் என்ற சொல்லை எந்த மொழிக்காரனுக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் ஊகிக்கலாம். முதல் வருடக் கடைசியில் ராஸ் அல் கைமா கேம்ப் மொத்தமும் நோயில் விழுந்தது. பாதத்தை அமுக்கும் மெஷின், கழுத்தைச் சூடாக்கும் பட்டை, முதுகைத் தட்டும் துப்பாக்கி என்று க்ளெய்ம்கள் வந்து குவிந்தன. லீவுக்குப் போகிறவர்களுக்குத்தான் நோய் அதிகம். ஊருக்குக் கட்டும் கார்ட்டனில் பால் பவுடருக்கும் போர்வைக்கும் நடுவே பாத மெஷின் ஒன்று கச்சிதமாக உட்காரும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூரிலும் மலப்புறத்திலும் எத்தனையோ மாமியார்களின் பாதங்களுக்கு எங்கள் கம்பெனிதான் சிகிச்சை கொடுத்தது.

கருவியைப் பயன்படுத்தும்போது எடுத்த படம் வேண்டும் என்று மேலே இருந்து புது விதி வந்தது. படங்களும் வந்தன. ஒரே வாரத்தில் மூன்று வேறு ஆட்களின் க்ளெய்மில் ஒரே கால். கணுக்காலில் அதே தழும்பு, அதே நீல நிற லுங்கி. கூப்பிட்டுக் கேட்டேன். மெஷின் மூன்றும் ஏற்கனவே கார்ட்டனுக்குள் போய்விட்டன, கடையில் பார்வைக்கு வைத்திருந்ததில் படம் எடுத்தோம், மூவரில் அவன் கால்தான் பார்க்க லட்சணமாக இருந்தது என்றார்கள். அந்த மூன்றையும் தள்ளுபடி செய்தேன். செய்யும்போது வருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் கால் உண்மையிலேயே லட்சணமான கால்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு வருடம் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு வியாதி வரும். எந்த க்ளெய்மைப் பார்த்தாலும் திருட்டுத்தனம் தெரியும். பெரும்பாலும் இருக்கவும் செய்யும். ஆனால் அந்த வியாதியோடு ஹாஜாவின் கேஸைப் பார்த்திருந்தால் நான் ஒருவனின் பிழைப்பைக் கெடுத்திருப்பேன்.

ஹாஜா ஒரு விடுமுறை நாளில் மணல் மைதானத்தில் கிரிக்கெட் ஆடி, கேட்ச் பிடிக்கப் போய் விழுந்தான். கேட்ச் பிடித்துவிட்டான், முழங்கால் மூட்டுக்குள் எலும்பு பிளந்துவிட்டது. டியூட்டியில் விழுந்திருந்தால் கம்பெனியின் பொறுப்பு. கிரிக்கெட்டில் விழுந்ததால் அவன் பொறுப்பு. ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கால் விறைத்துப் போகாமல் இருக்க ஒரு மெஷின் வேண்டும் என்று டாக்டர் எழுதினார். காலை அதில் கிடத்தினால் அது மெதுவாக மடக்கி மெதுவாக நீட்டும். ஒவ்வொரு நாளும் மடக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அதை இன்ஷூரன்ஸ் கொடுக்காது. எங்கள் மருத்துவக் கணக்கு கொடுக்கும். அந்தக் கணக்கு எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதற்காகவே வந்த முதல் க்ளெய்ம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனந்தமாகக் கையெழுத்துப் போட்டேன். வாடகைக்கு மெஷின் கேம்புக்குப் போனது.

அவனுக்கு ஒரு கெடு இருந்தது. மருத்துவ லீவு முடியும் நாளில் ஃபிட்னஸ் டெஸ்ட். லோடரின் ஏணியில் யார் உதவியும் இல்லாமல் ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, பெடலை அமுக்கிக் காட்ட வேண்டும். முழங்கால் நன்றாக மடங்காமல் அந்த ஏணியில் ஏற முடியாது, முதல் படியே இடுப்பு உயரம். டெஸ்டில் தோற்றால் விசா கேன்சல். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், ஊரில் அவன் உம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கையும் அவன் அனுப்புவதை நம்பித்தான் இருந்தார்கள்.

கெடு நெருங்கும் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து, கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி ஒரு அம்மா, வீடியோவில் வந்தார். மிகவும் மரியாதையான பெண்மணி. வேலையை விட்டு நீக்குவதாக இருந்தாலும் முதலில் உங்கள் வாரக்கடைசி எப்படி இருந்தது என்று கேட்பார். அந்த மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற பதிவு அவருக்கு இணையத்தில் போகிறதாம். அது ராத்திரி பகலாக ஓடுகிறது, டாக்டர் சொன்ன நேரத்தைவிடப் பல மடங்கு, ஒரு மனிதனின் காலாக இருக்கவே முடியாது, பலர் பயன்படுத்துகிறார்கள், இது விதிமீறல் என்றார். விசாரணை முடியும்வரை மெஷினை உங்கள் பொறுப்பில் எடுத்து வையுங்கள், அதை அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுத்தில் உறுதி தராவிட்டால் கணக்கை முடக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

எங்கள் மேலாளர் எகிப்தியர். அவருக்கு இரண்டே நிலைகள்தான், மாஃபி முஷ்கில், அதாவது பிரச்சினை இல்லை, அல்லது கலாஸ், அதாவது கதை முடிந்தது. இது கலாஸ் என்றார். போய் மெஷினை எடுத்து வா, யல்லா, சீக்கிரம்.

நானும் கோபத்தோடுதான் போனேன். கேம்பில் மெஷினை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறான் பாவி என்று வழி நெடுக மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். கேம்ப் பாஸ் முன்னால் ஓடி, மேடம் வருகிறார் என்று சத்தம் போட, ரூமுக்குள் ஆறு ஆண்கள் அவசரமாகச் சட்டையை மாட்டும் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். கீழ்க் கட்டிலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர் பஷீர் பாய் என்ற பெஷாவர்காரர், ஹாஜாவோடு லோடர் ஓட்டும் மூத்த டிரைவர். அடுத்த ரூம் ஆட்கள் இரண்டு பேர் பாண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஹாஜா ஒரு பிளாஸ்டிக் கதிரையில், ஆபரேஷன் செய்த காலை நேராக நீட்டி உட்கார்ந்து, போனைப் பார்த்து முறை தவறாமல் ஆட்களை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தான். பங்கீட்டு அரிசிக்கு நிற்கும் எங்கள் ஊர்ச் சங்கக்கடையில்கூட இத்தனை ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

பணம் வாங்குகிறானா என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பணமா? ரூமில் இருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ரைஸ் குக்கருக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? ரூமுக்கு வந்தது ரூமுக்குப் பொது. அது அங்கே எழுதாத சட்டம். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு, காலை ஒரு மெஷின் தூக்கித் தாலாட்டினால் சொர்க்கம்தான். நோயில்லாத முழங்கால்கள் எல்லாம் அதில் ஏறி இறங்கின. இந்த ரூம் முடிந்தால் அடுத்த ரூம், பகல் ஷிஃப்ட் போனால் இரவு ஷிஃப்ட்.

நான் ஏதோ சுடச்சுடச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஹாஜாவின் நீட்டிய கால் மறுபடியும் கண்ணில் பட்டது. நான் நின்ற நேரம் முழுக்க அது அசையவே இல்லை.

"உம்மட முறை எப்ப தம்பி?"

"எல்லாரும் போனப்புறம் போடுவேன்க்கா."

"எல்லாரும் எப்ப போவினம்?"

அவன் போனில் நேரத்தைப் பார்த்தான். காலை மடக்கிக் காட்டச் சொன்னேன். பாதி மடங்குவதற்கு முன்பே நின்றுவிட்டது, அவன் நெற்றியில் வியர்வை. அந்த அமெரிக்க அம்மாவும் நானும் மேலாளரும் அந்த மெஷினை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் பயன்படுத்தவில்லை என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"ஆபரேஷன் ஆகி வந்ததுலேர்ந்து எனக்கு சோறு ஆக்குறது அவங்கதான். துணி துவைக்கிறது, பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறது எல்லாம் அவங்கதான். நான் சும்மா படுத்துக் கிடக்கேன். ஒரு தடவ கால வச்சுக்கிறேன்னு கேக்குறவங்ககிட்ட எப்படிக்கா இல்லன்னு சொல்றது?"

கூடத்தில் நிர்வாகத்தையே எழுந்து கேள்வி கேட்டவன். வாய் இல்லாதவன் அல்ல. 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் அந்த வாயில் வராது. பஷீர் பாய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் மடங்காத காலைப் பார்த்தாரே, அது போதும். மெஷினிலிருந்து தன் காலைச் சுட்டுக்கொண்டவர்போல் இழுத்துக்கொண்டார். எனக்கு ஏன் சொல்லவில்லை, நீ தினமும் போடுவதாக அல்லவா சொன்னாய் என்று ஹிந்தியில் அவனைத் திட்டத் தொடங்கினார். திட்டிக்கொண்டே அழுதார். பெரிய மீசைக்காரர் அழுவதைப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது, மெஷினின் வயரைச் சுருட்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மெஷினை எடுத்தால் கால் போச்சு. எடுக்காவிட்டால் கணக்கு முடங்கும், வாடகைக் கடைக்காரனே வந்து எடுத்துப் போய்விடுவான், அப்போதும் கால் போச்சு. மேலாளர் போன் செய்து, எடுத்துவிட்டாயா என்று கேட்டார். எடுக்கிறேன் என்றேன். என் பொறுப்பில் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. என் பொறுப்பு எங்கே இருக்கிறது? முவைலாவில், மூன்றாம் மாடியில், என் வீட்டில் இருக்கிறது. மெஷினை எடு என்றுதான் சொன்னார்கள், அதற்குள் இருக்க வேண்டிய காலை எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

"தம்பி, உடுப்பையும் மருந்தையும் எடும்."

"எங்கக்கா?"

"மெஷின் போற இடத்துக்கு."

அவனுடைய பைக்கு மேல் பஷீர் பாய் தன் தலையணையையும் வைத்தார். கம்பெனி பிக்கப்பின் பின் இருக்கையில் அவன் காலை நீட்டிக் கிடந்தான். மெஷினை முன் இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டோம். அதுதான் இப்போது விலைமதிப்பான பயணி. டிரைவர் ஓட்ட, ஹாஜாவின் கால்மாட்டில் ஓரமாக ஒடுங்கிக்கொண்டு நான் முவைலா வந்து சேர்ந்தேன். மேலாளரிடம் மறுநாள் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை, மாஃபி முஷ்கில் என்றார். நல்ல மேலாளருக்கு அதுதான் அடையாளம்.

என் கணவர் அப்போது ஒரு வேலையை விட்டு, அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவர் மெஷினைப் பார்த்தார், ஹாஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் மீன் வாங்கப் போனவள் பூனையோடு வந்த சரித்திரம் உண்டு, ஆகையால் அதிகம் கேட்கவில்லை. மகன் வெளிநாட்டில் படிக்கப் போய்விட்டதால் அவன் அறை காலியாக இருந்தது. அங்கே மெஷினும் காலும் குடியேறின. பிசியோதெரபி செய்யும் பெண்ணை வந்து பார்க்க ஏற்பாடு செய்தேன். காலம் குறைவு, ஆனால் விடாமல் செய்தால் மடங்கும் என்றாள். இனிப் பயமில்லை என்று நிம்மதியாக அலுவலகத்துக்குப் போனேன்.

சில நாளில் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன். மெஷின் ஹாலில் இருந்தது. அதில் என் கணவரின் கால். டிவியில் கிரிக்கெட். பக்கத்துச் சோபாவில் ஹாஜா காலை நீட்டிக்கொண்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் போட்ட சத்தத்தில் மேல்மாடி எகிப்தியக் குடும்பம் இறங்கி வந்து கதவைத் தட்டியது. சும்மா அஞ்சு நிமிசம்தானப்பா என்றார் கணவர். அவரைப் பேச விடாமல் ஹாஜா குறுக்கே வந்தான்.

"நான்தான்க்கா போடச் சொன்னேன். அண்ணன் முட்டி வலிக்குதுன்னாங்க. அவங்க வீட்ல இருந்துக்கிட்டு, அவங்க சோத்த தின்னுக்கிட்டு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், ரூம் வழக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இவனைக் கொண்டுபோய் அரண்மனையில் வைத்தாலும் ராஜாவின் காலைத்தான் முதலில் அந்த மெஷினில் வைப்பான். கேட்கிறவர்களை விரட்டிக்கொண்டே இருக்க என்னால் முடியாது. டெஸ்ட் அன்றைக்கு லோடர் ஏணியடியில் நான் போய் நிற்க முடியுமா, அவனுக்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் இல்லை சொல்ல?

கணவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு வேலை கொடுத்தேன். வேலையில்லாமல் இருந்த மனிதர், சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். தினமும் ஒரு தடவை ஹாஜாவிடம் போய் மெஷினைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அவன் கொடுத்தால் கால் வைக்கக் கூடாது, திரும்பி வந்துவிட வேண்டும். பிசியோதெரபி முழங்காலுக்கு, இது நாக்குக்கு. ஹாஜாவிடமும் மறைக்காமல் சொன்னேன்.

"இவர் கேப்பார். நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்."

முதல் நாள் கணவர் வாசலில் போய் நின்றதுமே ஹாஜா எழுந்து இடம் விட்டான். கணவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த முறை எழவில்லை, ஆனால் இருங்கண்ணே, இப்ப முடிஞ்சுரும் என்றான். இன்னொரு நாள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். கணவருக்கு நடிப்பில் ருசி கண்டுவிட்டது. நொண்டிக்கொண்டு போவார், ஊன்றுகோலுக்குக் குடையை எடுத்துக்கொள்வார், அம்மா அம்மா என்று முனகுவார். ஹாஜா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவான், ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டான். அவன் சிரிக்கும் நேரத்திலெல்லாம் மெஷின் அவன் காலை மடக்கிக்கொண்டிருந்தது, அதுவரைக்கும் லாபம்.

அமெரிக்க அம்மா இரண்டு முறை மின்னஞ்சல் போட்டுவிட்டார். பயன்படுத்துவது ஒருவர் மட்டும்தான் என்று உறுதி வேண்டும். என் வீட்டிலேயே அந்த மனிதர் ஒருநாள் கால் வைத்திருக்கிறாரே, நான் எப்படி எழுதுவது? இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன். பொய் எழுதிக் கொடுத்துப் பழகாதீர்கள் பிள்ளைகளே. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுதிய பொய்யை நினைவில் வைத்திருப்பது கூடுதல் வேலை, அதற்கு ஓவர்டைம் கிடையாது.

டெஸ்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு மாலையில் கணவர் உண்மையிலேயே நொண்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை, பச்சைக் காய்கறி மூட்டையோடு மூன்று மாடி ஏறியிருந்தார். முகத்தில் உண்மையான வலி. நேரே ஹாஜாவின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"தம்பி, இண்டைக்குப் பகிடி இல்லை. சத்தியமா நோகுது. அஞ்சு நிமிசம் தாரும்."

ஹாஜா அவர் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது அது நடிப்பில்லை என்று. எழுந்துவிடுவான் என்றே நினைத்தேன், கை கட்டிலின் விளிம்பைப் பிடித்துவிட்டது. பிறகு கையை எடுத்தான்.

"இல்லண்ணே. தர மாட்டேன். இது என் காலுக்கு வந்தது. நீங்க சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க."

கணவர் குனிந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கு உள்ளே பட்டுவிட்டது, நான் பார்த்தேன். நன்றிகெட்டவன் என்ற சொல் அவர் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கும். ஹாஜாவின் முகம் அதைவிட மோசமாக இருந்தது, யாரையோ அடித்துவிட்டவன் முகம். எனக்கோ ஆடிப் பாடலாம் போல இருந்தது. கணவருக்குச் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிவிட்டு உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முன்பு கேம்பில் பலரும், என் வீட்டில் ஒருமுறை என் கணவரும் இந்தக் கருவியைப் பயன்படுத்தியது உண்மை, இப்போது அந்த ஒருவர் மட்டுமே பயன்படுத்துகிறார், இரண்டாவது நபர் கேட்டு மறுக்கப்பட்டதை இன்று நேரில் பார்த்தேன், அந்த இரண்டாவது நபர் தற்சமயம் என்னோடு பேசவில்லை என்று எழுதி அனுப்பினேன். அந்த அம்மா எழுதிய பதிலில், கணக்கு தொடரும், உங்கள் கணவரின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும் என்று இருந்தது.

டெஸ்ட் அன்று ராஸ் அல் கைமா யார்டுக்கு நானும் போனேன். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் வேலை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். டியூட்டி மாறும் நேரம், அந்த ரூம்காரர்கள் அத்தனை பேரும் வேலியோரம் நின்றார்கள். சேஃப்டி ஆபீசர் சூடான் நாட்டவர், சிரிக்கவே தெரியாதவர், பலகையையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு லோடர் பக்கத்தில் நின்றார். அவர் பேனா எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு குடும்பம் போகும்.

ஹாஜா நடந்து வந்தான். லேசாக ஒரு சாய்வு இருந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கி முதல் படியில் வைத்தான். வைத்துவிட்டான், ஆனால் உடம்பை மேலே இழுக்கும் இடத்தில் நின்றுவிட்டது. பேனா அசைந்தது.

ஒரு மாதம் அவனைத் தூக்கிச் சுமந்து பழகிய கை சும்மா இருக்குமா? பஷீர் பாய் யோசிக்கவே இல்லை, வேலியைத் தாண்டி ஓடிவந்து பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டினார். அந்தக் கை அவன்மேல் பட்டால் டெஸ்ட் முடிந்தது.

ஹாஜா திரும்பிப் பார்க்கவில்லை.

"நஹி, பஷீர் பாய். சோடோ."

வேண்டாம், விடு என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. பஷீர் பாயின் இரண்டு கைகளும் காற்றிலேயே நின்றன. முகம் வாடிப்போனது, ஆனால் ஓரடி பின்னால் போனார். ஹாஜா ஒரு மூச்சு இழுத்து, பல்லைக் கடித்து, ஏறினான். முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, அடுத்த படியில் மறுபடி மடங்கியது. கேபின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். எனக்குக் கண் மறைத்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணலைக் குறை சொன்னேன்.

அடுத்து அவன் பெடலை அமுக்கிக் காட்ட வேண்டும். அமுக்கினான். அத்தோடு விட்டானா, ஹார்னையும் அமுக்கினான். யார்டில் காரணமில்லாமல் ஹார்ன் அடிப்பது பாதுகாப்பு விதிமீறல், அதற்குத் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். மலை எதிரொலிக்கும்படி அவன் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தான். சேஃப்டி ஆபீசர் பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது கேளாதவர்போல நின்று, நிதானமாக, ஃபிட் என்று எழுதினார்.